மூன்று பேர், இருபத்துநான்கு நாள்

ஜூலை 13, ஞாயிறு

முடிவாகிவிட்டது. நியூசிலாந்து. நவம்பர் பதினான்கு கிளம்பி இருபத்துநான்கு நாள். வாடகைக் கார் எடுத்துத் தெற்குத் தீவு முழுக்க நாங்களே ஓட்டிக்கொண்டு போகிறோம். நான், நந்து, ஆதிரை. மூன்றே பேர். எழுதும்போதே வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருக்கிறது.

டைரி எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் பம்ப்செட் கம்பெனியில் டீலர்களுக்குக் கொடுத்து மிஞ்சிய டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஒரு மோட்டார் படம். பயண லிஸ்ட் எழுதத்தான் எடுத்தேன். ஆதிரைக்குப் பாஸ்போர்ட், மூவருக்கும் விசா, வெளிநாட்டில் கார் ஓட்ட பர்மிட், குழந்தைக்கான கார் சீட், தடுப்பூசி அட்டை நகல்.

நந்து மேப்பைப் பார்த்துக்கொண்டே, "அக்காவையும் கூட்டிட்டுப் போனா ஆதிக்கு சுலபமா இருக்கும்ல?" என்றார்.

"அண்ணிகிட்ட பாஸ்போர்ட்டே இல்லியே" என்றேன். இல்லாததைத்தான் இல்லை என்றேன். அடுக்களையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லி முடித்தபோது நின்றிருந்தது.

அண்ணி என்றால் கோகிலவாணி, நந்துவின் அக்கா. நாற்பத்தைந்து வயது. கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் திரும்பி வந்தவர், ஏன் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. மாமியார் போன பிறகு காங்கேயம் வீட்டில் தனியாக இருந்தார். ஆதிரைக்கு ஐந்து மாதமானபோது நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. "ஆறு மாசம் மட்டும் வந்து இருங்க அண்ணி" என்று போனில் கூப்பிட்டவள் நான்தான். இரண்டு வருடம் ஆகிவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

நந்து கம்ப்யூட்டரில் பெரிய அட்டவணை போட்டிருக்கிறார். எந்த நாள் எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், எங்கே சாப்பாடு. சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் அவள் தூங்குகிற நேரத்தில்தான் வண்டி ஓட்ட வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. பயணம் முழுவதும் ஆதிரையின் மதியத் தூக்கத்தில் தொங்குகிறது.

"எத்தனை மணிக்குத் தூங்குவா?" என்று கேட்டார். பன்னிரண்டரை என்றேன். அவர் இருபத்துநான்கு நாளுக்கும் பன்னிரண்டரை என்று நிரப்பி முடித்தார்.

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிராமல், "ஒன்னே முக்காலுக்குத்தான் தூங்குவாடா நந்து. அதுக்கு முன்னாடி படுக்கப்போட்டா வீட்ட ரெண்டாக்கிருவா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போன மாசத்துல இருந்துதான் மாத்திக்கிட்டா கண்ணு, உனக்கெப்படித் தெரியும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

நந்து எல்லாக் கட்டங்களையும் அழித்து ஒன்றே முக்கால் என்று போட்டார். நான் எழுந்து போய்க் குளித்தேன். காலையில்தான் குளித்திருந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

கார் சீட் வந்துவிட்டது. அங்கே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது, சட்டப்படி குற்றம். இங்கே ஆதிரை பிறந்ததிலிருந்து மடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். யார் மடி என்று சொல்லத் தேவையில்லை.

இன்று மேட்டுப்பாளையம் வரை ஒத்திகை, அண்ணியும் கூட. சாய்பாபா காலனி தாண்டுவதற்குள் அலறல். துடியலூரில் வாந்தி. "அத்தம்மா! அத்தம்மா!" என்று கத்திக்கொண்டே வந்தாள். அண்ணியை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அத்தை என்று கூப்பிட்டால் போதாதா, அம்மாவை எதற்கு அதில் ஒட்டவேண்டும்? யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், "அதுவா சொல்லுது" என்கிறார் அண்ணி.

பெரியநாயக்கன்பாளையத்தில் அண்ணி பெல்ட்டைக் கழற்றிக் குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டார். சுவிட்சை அணைத்த மாதிரி அழுகை நின்றது. அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், ஏதோ பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்மணியைப் பார்ப்பதுபோல.

"இனிமே பழக்கறதுக்குப் போறப்ப நீங்க வரவேண்டாம் அண்ணி. உங்களைப் பாத்தா அவ இன்னும் அழறா" என்றேன்.

"சரி கண்ணு" என்றார். சண்டை போட்டால் திருப்பிப் போடலாம். இப்படிச் சரி சரி என்கிறவர்களை என்ன செய்வது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மறுபடி ஒத்திகை, நாங்கள் மூவர் மட்டும். கவுண்டம்பாளையம் பாலத்தோடு திரும்பிவிட்டோம். நந்துவுக்குத் தலைவலி.

ஆகஸ்ட் 18, திங்கள்

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தாராம். கேட்டில் இருக்கும் ரங்கசாமி அண்ணன் சொன்னார். "உங்க அண்ணி கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க மேடமுங்க." ஆதிரையின் பாஸ்போர்ட் போன வாரமே வந்துவிட்டதே என்றேன். "அப்பிடீங்களா, அதென்னமோ தெரியலீங்க" என்றார். அரசாங்க வேலை, எதற்கும் இரண்டு முறை வருவார்கள்.

மாலையில் ஆதிரைக்கு நானே ஊட்டினேன். நான்கு வாய் சாப்பிட்டாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடிவிட்டாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இந்தப் பக்கத்தை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்து, ஆபீஸ் மதிய இடைவேளையில் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் விசா விண்ணப்பம். தடுப்பூசி அட்டைக்காக நேற்று அண்ணியின் பீரோவைத் திறந்தேன். ஆதிரையின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாம் அவரிடம்தான் இருக்கின்றன. நீல ஃபைலுக்குள், அட்டைக்குப் பின்னால், புத்தம்புது பாஸ்போர்ட் ஒன்று இருந்தது. ஆதிரையுடையது என்று நினைத்துப் பிரித்தேன். கோகிலவாணி. ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி கொடுத்தது. போட்டோவுக்கென்று தலையை எண்ணெய் வைத்து வாரி, நான் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த நாவல்பழ நிறப் புடவை கட்டியிருந்தார்.

போலீஸ்காரர் எதற்கு வந்தார் என்று இப்போது தெரிந்தது.

அண்ணி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். விசா விண்ணப்பத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நந்துவிடம் சொன்னால் அடுத்த நிமிடம் அட்டவணையில் நான்காவது ஆளைச் சேர்த்துவிடுவார். காரின் பின் சீட்டில் ஒரு பக்கம் ஆதிரை, பக்கத்தில் அத்தம்மா. முன்னால் நாங்கள் இருவரும் டிரைவரும் கிளீனரும் மாதிரி.

அட்டையை எடுத்துக்கொண்டேன். பாஸ்போர்ட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

ரசத்தில் உப்பு அதிகம் என்று அண்ணியிடம் சத்தம் போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 17, புதன்

விசா விண்ணப்பம் போட்டாயிற்று. மூன்று பேருக்கு.

அண்ணி, "எல்லாம் போட்டாச்சா கண்ணு?" என்று கேட்டார். போட்டாச்சு என்றேன். "நல்லபடியாப் போய்ட்டு வாங்க. அங்க குளுரும்ல, ஆதிக்கு ரெண்டு ஸ்வெட்டர் பின்னீர்றேன்" என்றார். கடையில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

காரைக் கழுவி, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். நான் சுண்டலை எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கி வருவதற்குள் அண்ணி கார் சீட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். பின்பக்கம் மூன்று விரல் பட்டை, நடுவில் பொட்டு.

"அதுக்கெல்லாம் எதுக்கு அண்ணி? பிளாஸ்டிக் கறையாகும்."

"அதுவும் வண்டிதானே கண்ணு. அதுலதானே என்ற தங்கம் அத்தனை தூரம் போகப்போறா."

ஆதிரை அந்தப் பொட்டைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள், பிறகு அண்ணியின் நெற்றியில். என்னிடமும் வருவாள் என்று சுண்டல் பாத்திரத்தோடு நின்றேன். அதற்குள் விரலை நக்கிவிட்டாள். நந்து சிரித்தார், நானும் சிரித்தேன். பாத்திரம் சுட்டதுகூட அப்போது தெரியவில்லை.

எரிச்சல் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இது பொறாமை. எழுதிவிட்டேன். பெற்றவளுக்கு வளர்ப்பவள்மேல் வரும் பொறாமை. சினிமாவில் காட்டினால் அந்தப் பெற்றவளை நானே திட்டியிருப்பேன்.

அக்டோபர் 9, வியாழன்

சீட்டில் பொரி கிடந்தது. நேற்று துடைத்தேன், இன்றும் கிடந்தது. எங்கள் கார் பகலெல்லாம் பேஸ்மென்டில்தான் நிற்கிறது. நான் கம்பெனி பஸ்ஸில் போகிறேன், நந்து பைக்கில். பெல்ட்டின் அளவும் மாறியிருந்தது.

ரங்கசாமி அண்ணனைக் கேட்டேன். "உங்க அண்ணி மத்தியானம் தெனமும் பாப்பாவைக் கூட்டியாந்து கார்ல உக்காந்திருப்பாங்க மேடமுங்க. நாலு மணிக்கு மேல போவாங்க."

வரவேண்டாம் என்று சொன்னேனா இல்லையா? சரி கண்ணு என்றாரா இல்லையா? இப்போது எனக்குத் தெரியாமல் நான் வாங்கிய சீட்டில் என் பெண்ணுக்குப் பொரி ஊட்டி, அங்கேயும் தன் ராஜ்ஜியத்தை நடத்திக்கொண்டிருக்கிறார். போன ஞாயிறு ஆதிரை அழாமல் சரவணம்பட்டி வரை வந்தாள். என்னால் வந்த பழக்கம் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மேலே போய்க் கேட்டேவிட்டேன். "கார்ல வெச்சு என்ன அண்ணி பண்றீங்க தினமும்?"

"சும்மாதான் கண்ணு. பழகட்டும்னு."

"பழக்கறதுக்கு நானில்லியா? எனக்குன்னு ஒரே ஒரு விசயம் வெச்சிருக்கேன், அதுலயும் வந்து நிக்கறீங்க. அவ என்ற புள்ள அண்ணி."

தோசைக் கரண்டியைக் கீழே வைத்தார். "ஆமா, உன்ற புள்ளதான்" என்றார். குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. மறுபடி கரண்டியை எடுத்துத் தோசையைத் திருப்பிப் போட்டார். கருகியிருந்தது. அதைத் தன் தட்டில் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 10, வெள்ளி

இன்றும் சீட்டில் பொரி இருந்தது. நான் இத்தனை சொன்ன பிறகும்! அண்ணிக்குப் பிடிவாதம் உண்டு என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

ஆர்.டி.ஓ. ஆபீஸில் பர்மிட் வேலை இரண்டரைக்கே முடிந்துவிட்டது. ஆபீஸுக்குத் திரும்பாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். மூன்றேகால். மின்தடை என்று லிஃப்ட் பேஸ்மென்டிலேயே நின்றுவிட்டதாம், அதனால் சரிவு வழியாக இறங்கினேன்.

கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றுதான் சத்தமில்லாமல் போனேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

எங்கள் காரின் பின்கதவு திறந்திருந்தது. கண்ணாடிகள் எல்லாம் இறக்கியிருந்தன. ஆதிரை சீட்டில், பெல்ட் போட்டு, தன் குட்டி எவர்சில்வர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். தனியாக! அண்ணியைக் காணோம். ஓடப்போனவள், அப்போதுதான் பார்த்தேன். காரிலிருந்து பத்தடி தள்ளி, பதினான்காம் எண் தூணுக்குப் பின்னால், தூணோடு முதுகை ஒட்டிக்கொண்டு அண்ணி நின்றிருந்தார். கையில் போன். அதில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தம்மா?"

"இருக்கறேன் சாமி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "அத்தம்மா?"

இந்த முறை அண்ணி பதில் சொல்லவில்லை. வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். குழந்தை இன்னொரு முறை கூப்பிட்டாள். குரல் உடையப்போகிற மாதிரி இருந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். போகவில்லை. நான் போயிருப்பேன். அவர் போகவில்லை.

பிறகு ஆதிரை டம்ளரிடம் பேச ஆரம்பித்தாள். "அத்தம்மா தூணுக்குப் பின்னாடி. அழுகக் கூடாது. அம்மா இருக்காங்க. அப்பா கார் ஓட்டுவாங்க. டுர்ர்ர்."

நான் ஒரு வெள்ளைக் காரின் பின்னால் குனிந்து நின்றிருந்தேன். என் சொந்த அபார்ட்மென்டில், திருடியைப்போல.

போன் கிணுகிணுத்ததும் அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "பன்னெண்டு நிமிசம்! என்ற சாமி பன்னெண்டு நிமிசம் அழாம இருந்துச்சு!" கையில் பொரி கொடுத்தார். பிறகு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி கேட்டார்.

"ஊருக்குப் போறப்ப பயமா இருந்தா யாரக் கூப்புடோணும்?"

"அத்தம்மா."

"அத்தம்மா இல்ல. யாரு?"

"...அம்மா."

"தூக்கம் வந்தா?"

"அம்மா."

"பசிச்சா?"

"அம்மா!"

"அவ்வளவுதான். என்ற தங்கம்" என்று அவள் பாதத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

நான் சரிவில் ஏறித் தெருவுக்குப் போய்விட்டேன். பேக்கரியில் ஒரு டீ வாங்கி, குடிக்காமல் வெகுநேரம் நின்றேன். வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். "பர்மிட் கெடைச்சுதா கண்ணு?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி

விசா ஏஜென்டுக்குப் போன் போட்டேன். இன்னொருவருக்கு இப்போது விண்ணப்பித்தால் பதினான்காம் தேதிக்குள் கிடைக்குமா என்று கேட்டேன். "ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா பண்ணியிருக்கலாம் மேடம். இப்ப உறுதி சொல்ல முடியாது" என்றார். ஒரு மாதத்துக்கு முன்னால் எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லவில்லை.

டிக்கெட்டைத் தள்ளிப் போட முடியுமா என்று நந்துவிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நேற்று பார்த்ததற்குப் பிறகாவது பொறாமை போயிருக்கும் என்று நினைத்தால், போகவில்லை. அதிகமாகிவிட்டது. குழந்தையை வைத்துக்கொள்வதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்று தெரியும். விட்டுக்கொடுப்பதிலும் அவரே கெட்டிக்காரராக இருந்தால், எனக்கென்று மிச்சம் என்ன?

நவம்பர் 2, ஞாயிறு

நந்து ஆதிரையை முடிவெட்டக் கூட்டிப் போயிருந்தார். அண்ணி சத்துமாவு வறுத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பொருள் எது கொண்டு போனாலும் அங்கே ஏர்போர்ட்டில் சொல்லிவிட வேண்டும் என்பதால், டப்பாவின்மேல் என்னென்ன தானியம் என்று ஒட்டுவதற்கு நான் எழுதிக்கொண்டிருந்தேன். கம்பு, கேழ்வரகு, பொட்டுக்கடலை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஏலக்காய் வரை வந்ததும் சொல்லிவிட்டேன்.

"அண்ணி, உங்க பாஸ்போர்ட்டை நான் பார்த்தேன். விசா போடறதுக்கு முன்னாடியே பார்த்தேன்."

கரண்டி நிற்கவில்லை. "தெரியும் கண்ணு" என்றார். "நான் அட்டைக்குப் பின்னால வெச்சிருந்தேன். நீ வெச்சப்ப தலகீழா வெச்சுட்ட."

இரண்டு மாதமாகத் தெரியும். தெரிந்த பிறகுதான் அந்தத் தூண்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி."

"கூப்புட்டா, பாஸ்போர்ட் இல்லைங்கற ஒரு காரணம் இருக்கக் கூடாதேன்னு எடுத்து வெச்சேன். அவ்வளவுதான். கேட்டு வர்றதுக்கு அது என்ன பக்கத்து ஊரா?" அடுப்பை அணைத்தார். "நீ மட்டும் அந்தப் புள்ளயோட இருக்கோணும்னு ஆசப்பட்ட. அதுல தப்பென்ன இருக்குது? எனக்கும் அதே ஆசைதான். நான் ரெண்டு வருசம் இருந்துட்டேன்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "ஏலக்காய் எழுதிட்டியா?" என்றார். எழுதினேன்.

நவம்பர் 14, வெள்ளி

பெட்டி நான்கு. ஏர்போர்ட்டுக்கு நந்துவின் நண்பர் எங்கள் காரையே ஓட்டி வருகிறார். கார் சீட்டைக் கழற்றி விமானத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

அண்ணி ஏர்போர்ட்டுக்கு வரவில்லை என்றுவிட்டார். பேஸ்மென்டில் ஆதிரையைச் சீட்டில் உட்காரவைக்கப் போனவர், பாதியில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். "நீ கட்டு கண்ணு."

நான் கட்டினேன். கொக்கி இரண்டு முறை தவறியது. ஆதிரை பொறுமையாக, "இங்க அம்மா, இங்க" என்று காட்டிக்கொடுத்தாள்.

அண்ணி அவள் தலையை ஒரே ஒரு தரம் தடவினார். பிறகு நடந்து போய்ப் பதினான்காம் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். வண்டி கிளம்பியது. ஆதிரை தூணைப் பார்த்துக் கையாட்டினாள். அழவில்லை. நான் எத்தனை நாளாக எதிர்பார்த்த நேரம் இது! திரும்பிப் பார்த்தேன். தூணுக்கு வெளியே புடவையின் ஓரம் மட்டும் தெரிந்தது. நாவல்பழ நிறம்.

ஏர்போர்ட் வரை ஆதிரை எனக்கு டம்ளரில் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தாள். "அம்மா அழுகக் கூடாது."

நவம்பர் 16, ஞாயிறு, கிறைஸ்ட்சர்ச்

ஏர்போர்ட்டில் சத்துமாவை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். இங்கே கோடை தொடங்கப்போகிறதாம். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வரமுடியவில்லை. பெட்டியைத் திறந்தால் அடியில் இரண்டு ஸ்வெட்டர், கையால் பின்னியது. கடையில் வாங்கியதை உள்ளே போட்டு, அதற்குமேல் அதைப் போட்டுவிட்டேன்.

ஆதிரை பகலெல்லாம் தூங்கி விடிகாலையில் விளையாடுகிறாள். ஒன்றே முக்கால் எல்லாம் காற்றில் போய்விட்டது. நந்து அட்டவணையை மூடி வைத்துவிட்டார்.

நவம்பர் 18, செவ்வாய், டெக்காபோ ஏரி

முதல் நீண்ட ஓட்டம். மூன்றரை மணி நேரம். ஆதிரை அழவில்லை. பசித்தபோது "அம்மா" என்றாள், தூக்கம் வந்தபோதும் "அம்மா" என்றாள். ஒவ்வொரு தரமும் பேஸ்மென்டில் அண்ணி அவள் கையில் பொரி கொடுப்பது எனக்குள் தெரிந்தது.

ஆனால் வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். பெட்ரோல் பங்கில் ஒரு கம்பத்தைக் காட்டி, "அத்தம்மா?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அண்ணியை விட்டுவிட்டு வரவில்லை. அவளைப் பொறுத்தவரை அத்தம்மா எல்லா ஊரிலும் ஏதாவது ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார். போன் கிணுகிணுத்ததும் வருவார்.

"அத்தம்மா கோயமுத்தூர்ல இருக்காங்க கண்ணு" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். என் உண்மைகள் எப்படிப்பட்டவை என்று இந்த டைரிக்குத் தெரியும்.

அவள் உதடு பிதுங்கியது. அழவில்லை. அழக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே. அழாமல், மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விட்டாள். அதைப் பார்ப்பதற்கு அவள் வாய்விட்டுக் கத்தியிருக்கலாம். "அழுதுடு சாமி" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

ஏரிக்கரையில் நந்து வண்டியை நிறுத்தினார். தண்ணீர் நீலமாக இருந்தது, கரையெல்லாம் ஊதாப் பூக்கள். இதைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தோம். ஆதிரை எதையும் பார்க்கவில்லை. பார்க்கிங்கின் ஓரத்தில் தகவல் பலகையைத் தாங்கும் தடிமனான மரத்தூண் ஒன்று நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நந்துவை அவள் பக்கத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டு இறங்கினேன். நடந்து போய் அந்தத் தூணுக்குப் பின்னால், முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். காற்று பல்லைக் கிட்டவைத்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னை ஒருமாதிரி பார்த்துக்கொண்டு போனார்.

திறந்த கண்ணாடி வழியாகக் குரல் வந்தது. "அத்தம்மா?"

இரண்டு வருடமாக எந்த வார்த்தை காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருமோ, அந்த வார்த்தை.

"இருக்கறேன் சாமி" என்றேன்.

காரில் சிரிப்புச் சத்தம் கேட்டது. டம்ளரைச் சீட்டில் தட்டினாள். பிறகு சத்தமே இல்லை. நான் போனை எடுத்து நேரம் பார்த்தேன். அண்ணி பன்னிரண்டு நிமிடம் நின்றார். என்னால் ஒன்றரை நிமிடம்கூட நிற்க முடியவில்லை.